கைமாறிய விடுமுறைப் பங்கு



பங்குத்தந்தையிடம் மக்கள் கையொப்பம் கேட்டு வருவது புதிதன்று. திருமுழுக்குச் சான்று, திருமண ஓலை, பள்ளியில் சேர்க்க நற்சான்று, வங்கிக் கடனுக்கு அறிமுகக் கடிதம் என்று வாரத்துக்குப் பத்துத் தாள்களிலேனும் நம் பேனா ஓடுகின்றது. அவற்றுள் பெரும்பாலானவற்றை நாம் படித்துப் பார்ப்பதில்லை. கொண்டு வந்தவருடைய முகத்தைப் பார்த்தே ஒப்பமிடுகின்றோம். இந்தப் பழக்கம் நம்மை எங்கே கொண்டு நிறுத்தியது என்பதை இம்மாதம் சொல்ல வேண்டியிருக்கின்றது.

2023-ஆம் ஆண்டு, தவக்காலம் தொடங்குவதற்கு முந்திய ஞாயிறு. புதுவயல் அரிசி ஆலை ஒன்றில் நெடுங்காலமாகக் கணக்கெழுதும் அன்பர் ஒருவர், ஆசிரியையான தம் துணைவியாருடன் அறைவீட்டுக்கு வந்தார். "தோத்திரம் சாமி, ஒரு சாட்சிக் கையெழுத்து வேண்டும்" என்று முத்திரைத்தாள் ஒன்றை மேசைமேல் வைத்தார். ஆசிரியைக்கு ஒன்றுவிட்ட அண்ணன் ஒருவர் திருச்சியில் இருக்கின்றார். அவர் 2012-இல் விடுமுறை விடுதி நிறுவனம் ஒன்றில் ரூ. 3,20,000 தவணையில் செலுத்தி 25 ஆண்டு உறுப்பினர் ஆனவர். ஆண்டுதோறும் 7 நாள், மலை வாழிடங்களிலும் கடற்கரையிலும் உள்ள அந்நிறுவனத்தின் விடுதிகளில் குடும்பத்தோடு தங்கலாம். இப்போது அவருக்கு அறுவை சிகிச்சைச் செலவு வந்துவிட்டது. உறுப்பினர் அட்டையை விற்கின்றார். எஞ்சிய 14 ஆண்டுக்கும் சேர்த்து ரூ. 1,40,000. கணக்கர் மனக்கணக்குப் போட்டுவிட்டார்: ஆண்டுக்குப் பத்தாயிரம், ஏழு நாளுக்கு, குடும்பம் முழுமைக்கும். மே மாதத்தில் அவர்களுடைய திருமண வெள்ளி விழா. கொடைக்கானலுக்குப் போகலாம் என்பது ஆசிரியையின் இருபத்தைந்து ஆண்டு ஆசை.

நாம் மகிழ்ந்தோம், ஒப்பமும் இட்டோம். அந்தத் தாளில் என்ன எழுதியிருந்தது என்பதை நாம் படித்தது ஐந்து மாதங்களுக்குப் பின்னர்தான்.

மே மாதத்துக்கு அறை கேட்டு அவர்கள் நிறுவனத்துக்கு எழுதியபோது வந்த விடை சுருக்கமானது: உங்கள் பெயர் எங்கள் ஏட்டில் இல்லை. மேலும் எழுதிக் கேட்டபோது விரிவான விடை வந்தது. உறுப்பினர் மாற்றம் நிறுவனத்தின் எழுத்துப்பூர்வமான இசைவின்றிச் செல்லாது. திருச்சி அன்பர் மூன்று ஆண்டாக ஆண்டுக் கட்டணம் செலுத்தவில்லை, ஆண்டுக்கு ரூ. 18,000 வீதம் ரூ. 54,000 நிலுவை. அது தீர்ந்த பின்னரே மாற்ற விண்ணப்பம் ஏற்கப்படும். அதற்கும் தனிக் கட்டணம் உண்டு. இவை எல்லாம் செலுத்தி முடித்தாலும், அண்ணனுக்கு இருந்த உரிமைகள் அனைத்தும் தங்கைக்குக் கிடையா. வெளிநாட்டு விடுதிகளோடு வாரத்தை மாற்றிக்கொள்ளும் உரிமை முதல் உறுப்பினரோடு முடிந்துவிடும். பயன்படுத்தாமல் சேர்த்து வைத்திருந்த நாட்கள் மறைந்துவிடும். பல மாதங்களுக்கு முன்னரே அறை பதியும் சலுகையும் இராது. ஆண்டுக் கட்டணம் மட்டும் ஒரு ரூபாயும் குறையாமல் தொடரும்.

அண்ணன் ஏமாற்றினார் என்று எவரும் எண்ண வேண்டாம். தாம் விற்பது முழுமையாகக் கைமாறாது என்பது அவருக்கே தெரியாது. 2012-இல் ஓர் உணவகத்தின் குளிர்சாதன அறையில் இரவு விருந்துக்கு அழைத்து, நான்கு மணி நேரம் பேசி ஒப்பம் வாங்கியபோது, எப்படிச் சேருவது என்று சொன்னார்களேயன்றி எப்படி வெளியேறுவது என்று எவரும் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. நாமும் கேட்டிருக்க மாட்டோம்.

இந்த வணிகத்தை ஆங்கிலேயர் டைம் ஷேர் என்பர்; காலப்பங்கு என்று தமிழில் கூறலாம். 1960-களில் ஐரோப்பாவின் ஆல்ப்ஸ் மலைப் பகுதியில் தோன்றியது. சுவிட்சர்லாந்தின் ஹாப்பிமாக் நிறுவனம் 1963-இல் தொடங்கப்பெற்றது. ஒருவர் மலையில் ஒரு வீட்டைக் கட்டி ஆண்டில் ஒரு வாரம் மட்டும் தங்குவதைவிட, பலர் சேர்ந்து ஒரு வீட்டின் வாரங்களைப் பகிர்ந்துகொள்வது சிக்கனம் என்னும் எண்ணமே இதன் வேர். எண்ணத்தில் குறையில்லை. 1974-இல் அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் ஆர்.சி.ஐ. என்னும் பரிமாற்ற நிறுவனம் எழுந்து, ஓர் ஊர் வாரத்தைக் கொடுத்து வேறோர் ஊர் வாரத்தைப் பெறும் வழியை அமைத்தது. நம் மாநிலத்தில் இதை வேரூன்றச் செய்தது 1986-இல் சென்னையில் தொடங்கப்பெற்ற ஸ்டெர்லிங் நிறுவனம். கொடைக்கானலும் உதகையும் அதன் தொடக்க கால விடுதிகளுள் அடங்கும். 1996-இல் மகிந்திரா நிறுவனத்தார் வந்தனர். ஊதா, சிவப்பு, வெள்ளை, நீலம் என்று பருவங்களுக்கு நிறம் சூட்டி உறுப்பினர் சேர்த்தனர். இன்று அவர்களுக்கு ஏறத்தாழ மூன்று லட்சம் உறுப்பினர் இருக்கின்றனர். நம் கணக்கர் வாங்கிய அட்டை எந்த நிறுவனத்தினது என்பதை இங்கே எழுதப் போவதில்லை. நாம் பேச விரும்புவது ஒரு நிறுவனத்தைப் பற்றியன்று.

'பங்கு' என்னும் சொல் நம் கத்தோலிக்க மக்களுக்கு முதலில் கோவிலைத்தான் நினைவூட்டும். செட்டிநாட்டில் வாழ்கின்ற நமக்கு அதற்கு இன்னொரு பொருளும் நன்றாகத் தெரியும். காரைக்குடியிலும் கண்டனூரிலும் நம் புதுவயலிலும் தெரு நீளத்துக்கு நிற்கும் பெரிய வீடுகளைப் பாருங்கள். முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என்று நீண்டு செல்லும் ஒரு வீட்டுக்கு இன்று முப்பது நாற்பது பங்காளிகள் இருப்பர். வளவைச் சுற்றியுள்ள அறைகள் மணமான மகன் ஒவ்வொருவருக்கும் ஒன்று என்று பிரிந்து, பேரன் காலத்தில் ஓர் அறையே பல பங்காகியிருக்கும். ஒருவர் சென்னையில், ஒருவர் சிங்கப்பூரில். ஆண்டுக்கொரு முறை பொங்கலுக்கோ திருமணத்துக்கோ வந்து தம் அறையைத் திறப்பர். நினைத்துப் பார்த்தால், ஆல்ப்ஸ் மலையார் கண்டுபிடிப்பதற்கு வெகு காலம் முன்னரே ஒரு வீட்டை முறைவைத்து ஆளும் வழக்கம் இந்த மண்ணில் இருந்திருக்கின்றது!

அந்தப் பங்கை வெளியார் ஒருவருக்கு விற்க முடியுமா? முடியும். 1882-ஆம் ஆண்டுச் சொத்து மாற்றச் சட்டம் அதற்கு இடம் தருகின்றது. ஆனால் அதே சட்டம் ஒரு வரம்பும் கட்டுகின்றது. பிரிக்கப்படாத குடும்பத்தின் குடியிருப்பு வீட்டில் ஒரு பங்கை வெளியார் வாங்கினால், அவர் நேரே சென்று குடும்பத்தாரோடு கூடி அந்த வீட்டில் குடியிருக்க உரிமை பெறார். பங்கைப் பிரித்துத் தரும்படி நீதிமன்றத்தை நாட வேண்டும். அப்படி நாடினால், 1893-ஆம் ஆண்டுப் பாகப்பிரிவினைச் சட்டத்தின்படி, குடும்பத்துப் பங்காளி ஒருவர் "அந்தப் பங்கை நானே வாங்கிக்கொள்கின்றேன்" என்று முன்வரலாம். நீதிமன்றம் விலை மதித்து அவருக்கே விற்கச் செய்யும்.

ஆகவே கைமாறிய பங்கு முதற்பங்கினும் சற்றுக் குறைந்தது என்பது நமக்கு அந்நியமான கருத்தன்று. ஆனால் அங்கே அந்தக் குறை யாரைக் காக்கின்றது என்று பாருங்கள். உள்ளே அடுப்பெரித்து வாழ்கின்ற பெண்களையும் பிள்ளைகளையும் காக்கின்றது. வெளியார் வெறுங்கையோடு அனுப்பப்படுவதுமில்லை. மதித்த விலையை அவர் பெறுகின்றார். வரம்பு சட்டத்தில் எழுதப்பட்டிருக்கின்றது; வாங்குபவர் எந்த வழக்குரைஞரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். விடுமுறை அட்டையிலோ, வரம்பை எழுதுவது விற்ற நிறுவனமே. அது காப்பதும் அந்நிறுவனத்தின் புதிய விற்பனையையே. பழைய அட்டை முழு உரிமையோடு பாதி விலைக்குக் கிடைத்தால், புதிய அட்டையை முழு விலைக்கு எவர் வாங்குவர்?

இது நம் ஊகமன்று. உலகறிந்த ஒரு நிறுவனத்தின் வரலாறே இதற்குச் சான்று. வால்ட் டிஸ்னி நிறுவனத்தார் 1991-இல் அமெரிக்காவின் புளோரிடாவில் விடுமுறைச் சங்கம் ஒன்றைத் தொடங்கினர். அங்கே உறுப்பினர் புள்ளிகள் வாங்குவர். ஆண்டுதோறும் அந்தப் புள்ளிகளைச் செலவிட்டு அறை பெறுவர். உறுப்பினர் ஒருவர் தம் புள்ளிகளை வெளியாருக்கு விற்க முயன்றால், பேசிய அதே விலைக்குத் தானே வாங்கிக்கொள்ளும் முன்னுரிமை நிறுவனத்துக்கு உண்டு; பாகப்பிரிவினைச் சட்டம் பங்காளிக்குத் தரும் உரிமை போன்றது. இதோடு நின்றிருந்தால் குறையில்லை. 2011 மார்ச்சில், இனிக் கைமாற்றில் வாங்கப்படும் புள்ளிகளைக் கப்பற் பயணம் முதலியவற்றுக்குப் பயன்படுத்தக் கூடாது என்றனர். 2016 ஏப்ரலில், நேரே நிறுவனத்திடம் வாங்காதவர்க்குத் தள்ளுபடி முதலிய சலுகைகள் இல்லை என்றனர். 2019 ஜனவரி 19 முதல் இன்னும் ஒரு படி சென்றனர். அந்நாளுக்குப் பின் பழைய 14 விடுதிகளில் ஒன்றன் புள்ளிகளைக் கைமாற்றில் வாங்குபவர் அந்தப் பழைய விடுதிகளில் மட்டுமே தங்கலாம். அந்த ஆண்டு இறுதியில் திறக்கப்பெற்ற ரிவியேரா விடுதியிலோ அதற்குப் பின் அந்தச் சங்கத்தில் சேரும் புதிய விடுதிகளிலோ தங்க இயலாது. ரிவியேராவின் புள்ளிகளைக் கைமாற்றில் வாங்கியவர்க்கோ ரிவியேரா ஒன்றே கதி. ஆண்டுப் பராமரிப்புக் கட்டணம் மட்டும் முதலாமவர்க்கும் இரண்டாமவர்க்கும் ஒன்றே.

இந்தத் தடைகள் இரண்டாவதாக வாங்குபவரைக் குறிவைத்தவை போலத் தோன்றும். ஆழ்ந்து நோக்கினால் அடி விழுவது முதலாமவர் மேல்தான். இரண்டாமவர் விவரம் அறிந்தவராயின், குறைந்த உரிமைக்குக் குறைந்த விலைதான் கொடுப்பார், அவருக்கு நட்டமில்லை. ஆனால் முழு விலை கொடுத்து வாங்கிய முதலாமவர், நோயோ வேலையிழப்போ முதுமையோ வந்து விற்க நேரும் நாளில், தம் கையில் இருப்பது தாம் வாங்கிய பொருளன்று என்பதைக் காண்கின்றார். விருந்து வைத்து விற்றபோது "இது சொத்து, பிள்ளைகளுக்குச் சேரும், வேண்டாவிட்டால் விற்றுக்கொள்ளலாம்" என்று சொன்ன வாய்ச்சொல்லின் மதிப்பு அன்றுதான் அவருக்கு விளங்குகின்றது. தம் அறுவை சிகிச்சைக்குப் பணம் தேடிய திருச்சி அன்பரும் அப்படித்தான் கண்டார்.

சொத்து என்றால் என்ன என்பதில் நம் மக்களுக்குத் தெளிவு வேண்டும். நூறு ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள நிலமோ வீடோ பதிவு செய்த ஆவணத்தால்தான் விற்கப்படும். சார்பதிவாளர் ஏட்டில் ஏறிய பின் அந்த விற்பனைக்கு அந்த ஆவணமே சான்று. நம் நாட்டில் வழங்கும் விடுமுறை உறுப்பினர் அட்டைகளிற் பெரும்பாலானவை அத்தகைய சொத்தல்ல. அவை ஒரு நிறுவனம் ஒரு மனிதருக்குத் தரும் வாக்குறுதி. உறுப்பினர்க்கு உரிமை மட்டுமன்றி, ஆண்டுதோறும் கட்டணம் செலுத்தும் கடமையும் உண்டு. ஒப்பந்தத்தில் ஒருவருக்குள்ள கடமையை மறுதரப்பின் இசைவின்றி வேறொருவர் தலையில் மாற்ற முடியாது என்பது பழைய சட்ட நெறி. ஆகவே நம் கணக்கரும் அண்ணனும் நாமும் ஒப்பமிட்ட முத்திரைத்தாள் அவ்விருவரையும் கட்டுப்படுத்தலாம். அதில் ஒப்பமிடாத நிறுவனத்தைக் கட்டுப்படுத்தாது. பங்குத்தந்தையின் சாட்சிக் கையெழுத்தும் அதற்கு வலுவூட்டாது!

கைமாற்றைத் தடுப்பது எல்லாம் அநீதி என்று நாம் கூறவில்லை. இரயில் பயணச்சீட்டை நாம் பிறர்க்கு விற்க முடியாது. ஆயினும் வண்டி புறப்படுவதற்கு 24 மணி நேரத்துக்கு முன் விண்ணப்பித்தால், தாய் தந்தை, உடன்பிறந்தார், கணவன் மனைவி, மக்கள் இவர்களுள் ஒருவர் பெயருக்கு மாற்றித் தருவர். கள்ளச் சந்தையைத் தடுக்கும் அந்த விதியை எவரும் குறை கூறுவதில்லை. சீட்டு நிறுவனங்களைப் பற்றிய 1982-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் வழி இருக்கின்றது. சீட்டை இன்னும் எடுக்காத ஒருவர் தம் உரிமையை வேறொருவருக்கு மாற்றலாம். அதை எழுத்தில் எழுதி, குறைந்தது இரு சாட்சிகள் ஒப்பமிட்டு, சீட்டு நடத்துபவரிடம் தாக்கல் செய்ய வேண்டும். நம் குடும்பங்களில் சீட்டுப் போடாதவர் அரியர். அத்தகைய மாற்றத்தைப் பலரும் கண்டிருப்பீர்கள். சீட்டுக்கு நாடாளுமன்றம் வகுத்த இந்த வழி விடுமுறை அட்டைக்கு இல்லை. காலப்பங்குக்கெனத் தனிச் சட்டம் ஒன்று நம் நாட்டில் இதுவரை இயற்றப்படவில்லை. நிறுவனத்தின் ஒப்பந்தப் புத்தகமே சட்டம். அதை எழுதியவரும் அவரே, விளக்கம் சொல்பவரும் அவரே.

ஐரோப்பிய நாடுகள் இதில் நமக்கு முன் விழித்துக்கொண்டன. 1994-இல் ஒரு நெறியாணை. அது போதாதென்று 2008-இல் இன்னொன்று. இரண்டாவது ஆணை கைமாற்று விற்பனையையும் உட்கொண்டது. ஒப்பந்தம் செய்தவர் 14 நாளுக்குள் காரணம் சொல்லாமலே விலகலாம். அந்த நாட்களில் முன்பணம் கேட்பது குற்றம். பழைய பங்கை விற்றுத் தருவதாகக் கூறும் தரகர், விற்பனை உண்மையில் நடந்து முடியும் வரையில் ஒரு காசும் வாங்கக் கூடாது.

இந்தக் கடைசி விதி ஏன் வந்தது? பழைய அட்டை வைத்திருப்போரைத் தேடிப் பிடித்து மோசம் செய்வது ஒரு தனித் தொழிலாகிவிட்டது. "உங்கள் அட்டைக்கு ஆள் தயாராக இருக்கின்றார், நல்ல விலை, பதிவுக் கட்டணமும் வரியும் மட்டும் முதலில் அனுப்புங்கள்" என்று தொலைபேசி வரும். அனுப்பிய பின் வாங்குபவரும் இரார், பேசியவரும் இரார். மெக்சிகோவின் போதைப் பொருள் கும்பல் ஒன்று இந்த வழியில் முதிய அமெரிக்கரின் சேமிப்பைச் சுருட்டியது என்று கூறி, 2023-இல் அமெரிக்க நிதித்துறை அதனோடு தொடர்புடைய நிறுவனங்கள் பலவற்றின் மேல் தடை விதித்தது. விற்க வழியில்லாமல் தவிப்பவரையே இத்தகையோர் நாடுவர். வாயில் குறுகலாக இருப்பதனால்தான் வாயிற்புறத்தில் திருடர் நிற்கின்றனர்.

நம் நாட்டில் வேறு வகை மோசமும் நடந்தது. விடுதி அறையின் இரவுகளை விற்கின்றோம் என்று கூறி, தங்காவிட்டால் வட்டியோடு பணம் திருப்பித் தருவோம் என்று பணம் திரட்டியவர் உண்டு. பேன்கார்டு கிளப்ஸ் என்னும் மும்பை நிறுவனம் அவ்வாறு 51 லட்சத்துக்கு மேற்பட்ட மக்களிடம் ரூ. 7,035 கோடி திரட்டியது. அது விடுமுறைத் திட்டமன்று, அனுமதி பெறாத கூட்டு முதலீட்டுத் திட்டமே என்று முடிவு செய்த பங்குச் சந்தை ஒழுங்கு வாரியமாகிய செபி, பணத்தைத் திருப்பித் தருமாறு 2016 பிப்ரவரியில் ஆணையிட்டது. ஆணை வந்ததே தவிர, பணம் போட்டவர் பல்லாண்டு காத்திருக்க நேர்ந்தது. விடுதி வசதியை விற்கும் நிறுவனம் வட்டியைப் பற்றிப் பேசத் தொடங்கினால் எழுந்து வந்துவிடுங்கள்; விருந்துச் சாப்பாடு பாதியில் நின்றாலும் சரி.

நம் கணக்கரிடம் திரும்புவோம். நெல் மூட்டைக் கணக்கில் ஒரு கிலோ தவறவிடாதவர் இதில் தவறவிட்ட கணக்கை, ஒரு மாலை நம் மேசையில் அமர்ந்து அவரே போட்டார். அட்டை விலை ரூ. 1,40,000. ஆண்டுக் கட்டணம் ரூ. 18,000 வீதம் 14 ஆண்டுக்கு, ஒரு முறையும் உயராது என்று வைத்துக்கொண்டாலும், ரூ. 2,52,000. நிலுவை ரூ. 54,000. ஆகக் கூடுதல் ரூ. 4,46,000. பதினான்கால் வகுத்தால் ஆண்டுக்கு ஏறத்தாழ ரூ. 31,900, இரவுக்கு நாலாயிரத்து ஐந்நூறுக்கு மேல். பெயர் மாற்றக் கட்டணம், பேருந்து, உணவு தனி. "ஆண்டுக்குப் பத்தாயிரம் என்றல்லவா சாமி நினைத்தேன்" என்றார். ஆசிரியை ஒன்றும் பேசவில்லை. அவருடைய வளையல் இரண்டு அந்த ரூ. 1,40,000-இல் அடங்கியிருந்தன என்பது நமக்கு அன்றுதான் தெரிந்தது.

இடையில் ஒரு தரகர் அவர்களுக்குக் குறுக்கு வழி ஒன்று கூறியிருக்கின்றார். பெயர் மாற்றவே வேண்டாம். அண்ணன் பெயரிலேயே அட்டை இருக்கட்டும். அவருடைய விருந்தினர் என்று கடிதம் வாங்கிக்கொண்டு ஆண்டுதோறும் தங்கிவிட்டு வாருங்கள் என்று. பலர் இப்படித்தான் செய்கின்றார்களாம். இதில் உள்ள ஆபத்தை எண்ணிப் பாருங்கள். அண்ணன் இறந்தால் உரிமை சட்டப்படி அவர் மக்களைச் சேரும். உங்கள் 14 ஆண்டு அவர்களுடைய தயவைப் பொறுத்தது. அண்ணனுக்கும் தங்கைக்கும் மனத்தாங்கல் வந்தால் அன்றே முடிந்தது. நிறுவனம் கண்டுபிடித்தால் அட்டையையே நீக்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, விடுதி வாசலில் நிற்கும் இளைஞரிடம் நாம் யார் என்று ஆண்டுக்கொரு பொய் சொல்ல வேண்டும். ஆசிரியை அதற்கு உடன்படவில்லை. "பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகின்றவள் நான்" என்றார்.

சட்டத்தின் கதவு முழுவதும் அடைபட்டதன்று. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. 'நியாயமற்ற ஒப்பந்தம்' என்னும் கருத்தை அது முதன்முறையாக நுகர்வோர் சட்டத்துள் கொண்டு வந்தது. வேடிக்கை என்னவெனில், நுகர்வோரின் இசைவின்றி, அவருக்குத் தீங்காக, நிறுவனம் தன் ஒப்பந்தத்தை வேறொருவருக்கு மாற்ற இடம் தரும் விதியை அச்சட்டம் நியாயமற்றது என்கின்றது. நாம் மாற்ற விரும்பினால் நிறுவனம் ஏற்கத்தான் வேண்டும் என்று அது கூறவில்லை. நியாயமற்ற ஒப்பந்தம் என்னும் வழக்கை மாநில ஆணையத்தில் தொடுக்க வேண்டும். சேவைக் குறை, பொய் வாக்குறுதி ஆகியவற்றுக்குச் சிவகங்கையிலுள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையமே போதும். வாங்குபவர் தாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே முறையிடலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையில் கட்டணமும் இல்லை. 1915 என்னும் எண்ணுக்குத் தொலைபேசியில் பேசினாலும் வழி சொல்வர். ஆனால் ஒன்று: நிறுவனம் உறுப்பினராக ஏற்காத ஒருவர் முறையிட்டால், "இவர் எம் வாடிக்கையாளரே அல்லர்" என்பதுதான் எதிர்த்தரப்பின் முதல் வாதமாக இருக்கும். ஆகையால் பெயர் ஏட்டில் ஏறும் முன் பணம் கைமாறுவது எல்லாவற்றையும் கெடுத்துவிடும். விலையை வங்கியிலோ, இருதரப்பும் நம்பும் ஒருவரிடமோ நிறுத்தி வையுங்கள். நிறுவனத்தின் இசைவுக் கடிதம் புதியவர் பெயருக்கு வந்த பின் விடுவியுங்கள். பழகிய உறவினர் ஆயிற்றே, எப்படிக் கேட்பது என்று தயங்க வேண்டாம். கேட்காமல் விட்டதனால்தான் திருச்சிக்கும் புதுவயலுக்கும் இடையே ஓராண்டுப் பேச்சு நின்று போயிற்று.

அந்த மனத்தாங்கலைத் தீர்ப்பதில் நமக்கும் பொறுப்பு இருந்தது, ஒப்பமிட்டவர் அன்றோ? நாமே திருச்சிக்குச் சென்றோம். கட்டுப் போட்ட காலோடு அந்த அன்பர் நம்மை வாசல் வரை வந்து வரவேற்றார். நிலுவையைத் தாமே ஆறு தவணையில் தீர்ப்பதாக ஒப்புக்கொண்டார், தீர்த்தும் விட்டார். மாற்றக் கட்டணத்தைக் கணக்கர் செலுத்தினார். 2024 தொடக்கத்தில் பெயர் மாறியது, குறைந்த உரிமைகளோடு. வெள்ளி விழா நாள் அதற்கு முன்னரே புதுவயலில், வீட்டுச் சாப்பாட்டோடு கடந்து போயிருந்தது. அவர்களுக்குக் கிடைத்த முதல் வாரம் ஆகஸ்டு மாதத்தில், கொடைக்கானலில் அன்று, ஏற்காட்டில். ஐந்து நாள் மழை. ஆனால் ஆசிரியை வாய்நிறையச் சிரித்துக்கொண்டுதான் திரும்பி வந்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

சென்ற மாதம் அவர் மீண்டும் அறைவீட்டுக்கு வந்தார். மகளை மேற்படிப்புக்குச் சேர்க்க வேண்டும். அட்டையை விற்கலாமா என்று எண்ணம். சக ஆசிரியை ஒருவர் வாங்க ஆவலாக இருக்கின்றாராம். இம்முறை முத்திரைத்தாள் இல்லை. நிறுவனத்துக்கு எழுதிய கடிதம் ஒன்றின் நகலைக் கொண்டுவந்திருந்தார். அதில் மூன்று வினாக்கள்: எம் அட்டையை வாங்குபவர்க்கு எந்தெந்த உரிமை சேரும், எந்தெந்த உரிமை சேராது? இனி வரும் ஆண்டுகளில் அந்தப் பட்டியலை நீங்கள் மாற்றுவீர்களா? எவரும் வாங்காவிட்டால், அட்டையை உங்களிடமே ஒப்படைத்து ஆண்டுக் கட்டணத்திலிருந்து நாங்கள் விடுபட வழி உண்டா? விடை வரும் வரையில் சக ஆசிரியையிடம் விலை பேசுவதில்லை என்று முடிவு செய்திருக்கின்றார்.

நகலை நாம் முழுவதும் படித்தோம், இரண்டு முறை. பின்னர் அதன் அடியில், படித்துப் பார்த்தேன் என்று எழுதி ஒப்பமிட்டோம். விடை வந்ததும் அதையும் இப்பக்கத்தில் எழுதுவோம்.